விக்கினங்களுக்கும் அரங்கில் இடம் உண்டு

பாகூர் கொம்யூனில் கடலையொட்டி இருக்கும் பனித்திட்டு போன்ற ஊரில் மேடை என்றால் ஒரு நாளைக்குப் போட்டு மறுநாள் பிரிக்கிற மேடைதான். அம்மன் திருவிழாவுக்கோ பொங்கல் விழாவுக்கோ பந்தல் கட்டி, பலகை அடுக்கி, டியூப் லைட் மாட்டுவார்கள். எதிரே உட்காருகிறவர்களில் முகம் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். மாமியார், நாத்தனார், மீன் ஏலத்தில் தினமும் பார்க்கிறவர்கள், கூடப் படித்தவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாம் சொந்த சனம். அங்கே பத்து வயதுச் சிறுமி ஆடினால் ஊரே கைதட்டும். நாற்பது வயதில் ஒருத்தி புதுச்சேரிக்கு வகுப்புக்குப் போய்க் கற்ற பரதத்தையோ பாலேயையோ ஆட ஏறினால், அவளுக்குக் கால் நடுங்க நியாயமான காரணம் உண்டு. அந்த நடுக்கத்துக்கு நம்மிடம் வழிவழியாக ஒரு மருந்து சொல்லப்படுகிறது: சனத்தைப் பார்க்காதே, சாமிக்கு ஆடு. இது தேறுதலுக்குச் சொல்லும் வார்த்தை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு முழுச் சமயக் கோட்பாடே இருக்கிறது. பார்க்கிறவர்கள் பொருட்டில்லை, அவையைக் கண்டு அஞ்சுவது ‘நான்’ என்ற நினைப்பின் நோய், அந்த நினைப்பு கரைந்தால் அச்சமும் கரைந்துவிடும் என்கிறது அது. இந்தக் கோட்பாடு தவறு என்பதே என் வாதம். நம்முடைய சமயமும் நம்முடைய கூத்து மரபும் அவையை மறக்கச் சொல்லவில்லை, அச்சத்தைக் கொல்லவும் சொல்லவில்லை. பார்க்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் இடையிலுள்ள உறவை மாற்றச் சொல்கின்றன. அந்த மாற்றத்தை முழு அறிவோடு செய்யக்கூடியவர் வயது வந்தபின் ஆட வந்தவர்தான்.

எதிர்த்தரப்புக்கு உள்ள மிக வலுவான சான்றிலிருந்தே தொடங்குகிறேன். அது சாமியாட்டம். கடலோர ஊர்த் திருவிழாக்களில், நாலு பேருக்கு முன் குரல் உயர்த்திப் பேசாத ஒரு பெண், பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போகும்போது கூந்தல் அவிழ ஆடுவாள். வெட்கம் இல்லை, நடுக்கம் இல்லை. ஊரின் மூத்தவர்களையே பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ‘நான்’ விலகியதும் பயமும் விலகியது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அங்கே நடப்பதை முழுதாகப் பார்க்க வேண்டும். அவள் ஆடத் தொடங்கியதும் கூட்டம் என்ன செய்கிறது? வட்டமாக விலகி இடம் விடுகிறது. யாரோ ஒருவர் வேப்பிலை தருகிறார், இன்னொருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார், கீழே விழுந்துவிடாமல் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். வந்திருப்பது யார், என்ன குறை, என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவள் சொல்லும் வாக்குக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஒருவர்கூட அவள் காலை எப்படி வைத்தாள் என்று மதிப்பெண் போடவில்லை. அவளுக்குள் ஏதோ மாறியது உண்மையாக இருக்கலாம்; அவளைச் சுற்றி எல்லாமே மாறியது என்பது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. தவிர, சாமியாட்டத்தின் விதியை நாட்டியத்துக்கு அப்படியே மாற்றிவிட முடியாது. ஜதி எண்ண வேண்டும், தீர்மானம் சமத்தில் வந்து விழ வேண்டும், நட்டுவனாரின் தாளத்துக்குக் காது கொடுக்க வேண்டும். தன்னை மறந்தவள் தாளத்தையும் மறப்பாள். நாட்டியக்காரி தன்னை வைத்துக்கொண்டே ஆட வேண்டியவள். ஆகவே அவளுக்குத் தேவைப்படும் துணிவும் வேறு வகையானது.

அந்தத் துணிவைப் பற்றி நம் மரபு என்ன சொல்கிறது? பரதரின் நாட்டிய சாத்திரம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கதை வைத்திருக்கிறது. உலகின் முதல் நாடகம் இந்திரனின் கொடி விழாவில் நடக்கிறது. தேவர்கள் அசுரர்களை வென்ற கதை. பார்த்துக்கொண்டிருந்த அசுரர்கள் கொதித்துப்போய், விரூபாட்சனைத் தலைவனாகக் கொண்ட விக்கினங்களை ஏவிவிடுகிறார்கள். விக்கினங்கள் அரங்கை இடித்துத் தள்ளவில்லை, தீ வைக்கவில்லை. மாயையால் நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் கட்டிப்போடுகின்றன. வாய் வறண்டு, கை கால் மரத்து, நூறு முறை ஆடிப் பார்த்த அடுத்த அடி மனதிலிருந்து அழிந்துபோகும் அந்தக் கணத்தை அனுபவித்த எவருக்கும் இந்த மூன்றும் எதைக் குறிக்கின்றன என்று விளக்கத் தேவையில்லை. மேடை அச்சம் கலையோடு பிறந்தது, முதல் நிகழ்ச்சியிலேயே இருந்தது என்று சாத்திரம் ஒப்புக்கொள்கிறது. அதைப் பயிற்சி போதாதவனின் குறையாகவோ அகந்தைக்காரனின் தண்டனையாகவோ சாத்திரம் காட்டவில்லை. தேவர்களின் சபையில், பரதரே பயிற்றுவித்த அவருடைய பிள்ளைகளுக்கே அது நேர்ந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். முதலில் இந்திரன் கொடிமரத்தைப் பிடுங்கி விக்கினங்களை அடித்து நொறுக்குகிறான். வன்முறை வைத்தியம். நம்மில் பலரும் அச்சத்திடம் முதலில் செய்வதும் அதுவே: பல்லைக் கடித்துக்கொண்டு, ‘பயப்படாதே’ என்று தன்னையே அதட்டுவது. கதையில் அது போதவில்லை. மிஞ்சிய விக்கினங்கள் மறுபடியும் வருகின்றன. பிரம்மா விசுவகர்மாவை அழைத்து நாட்டிய மண்டபம் கட்டச் சொல்கிறார். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தெய்வம் காவல். அந்தக் காவல் பட்டியலில் தேவர்கள் மட்டும் இல்லை, பூதங்களும் யட்சர்களும் பிசாசுகளும் தூண்களில் நிறுத்தப்படுகிறார்கள். அதற்கும் பிறகு, தேவர்கள் கேட்டுக்கொண்டபடி, பிரம்மா விக்கினங்களையே கூப்பிட்டுப் பேசுகிறார். ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களைத் தாழ்த்திக் காட்டும் கலையைப் படைத்துவிட்டீர்களே, நாங்களும் உங்களிடமிருந்து வந்தவர்கள்தானே என்கிறான் விரூபாட்சன். இது உங்களை இழிவுபடுத்த வந்ததல்ல, மூன்று உலகங்களின் எல்லா நிலைகளையும் காட்ட வந்தது, உங்களுக்கும் இதில் இடம் உண்டு என்பது பிரம்மாவின் பதில். அடி, அரண், பேச்சு என்ற வரிசையைப் பாருங்கள். தீர்வு பேச்சில் வருகிறது. விரூபாட்சனின் முறையீட்டை நாற்பது வயதில் மேடையேறும் பெண்ணின் மனதில் கேட்டுப் பாருங்கள். அவளுடைய அச்சமும் அதையேதான் சொல்கிறது: என் குறைகளெல்லாம் ஊர் முன் தெரிந்துவிடும், நான் தாழ்த்திக் காட்டப்படுவேன். அந்தக் குரலை அடக்கினால் அது ஆட்டத்தின் நடுவில் வந்து அடியை மறக்கடிக்கும். இந்த ஆட்டத்தில் உன் தடித்த இடுப்புக்கும் தயங்கும் முழங்காலுக்கும் இடம் உண்டு என்று அதற்குப் பதில் சொல்ல முடிந்தால், அது தூணருகே காவலுக்கு நிற்கும்.

இது வடமொழி நூலின் தனிக்கருத்து என்று யாரும் ஒதுக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் நீள அகலத்தையும் தூண் நிழல் விழாமல் விளக்கு வைக்கும் இடத்தையும் சொல்லும் கையோடு, பூதங்களின் உருவம் எழுதி மேலே வைத்து வணங்கும் வழக்கத்தையும் சொல்கிறது. மாதவி ஏறுவதற்கு முன் அரங்குக்கு வருவது தலைக்கோல். தோற்றோடிய பகையரசனிடமிருந்து கைப்பற்றிய வெண்குடையின் காம்பு அது. மணிகள் பதித்து, இந்திரன் மகன் சயந்தனாகவே நினைத்து, நீராட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுத்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். சயந்தன் ஏன் கோலானான்? உருப்பசி இந்திரசபையில் ஆடும்போது சயந்தன்மேல் மனம் போய் ஆட்டம் தவறியது. அகத்தியர் சாபத்தால் அவள் மண்ணில் பிறந்தாள், அவன் மூங்கிலானான். மாதவி அந்த உருப்பசியின் வழியில் வந்தவள். ஆக, தமிழின் மிகப் புகழ்பெற்ற அரங்கேற்றத்தில் ஆடுகிறவள் ஒரு மேடைத் தவற்றின் வாரிசு. மேடையில் மரியாதையோடு நிறுத்தப்படும் கோல் அதே தவற்றின் இன்னொரு பாதி. இளங்கோ அந்தத் தவற்றை மூடவில்லை. அதை அரங்கின் நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்.

மாதவியின் அரங்கில் மூன்று விதத் திரைகள் இருந்ததாக அந்தக் காதை சொல்கிறது. அரண்மனை அரங்குகள் போய்விட்டன. திரையின் அறிவு தெருக்கூத்தில் பிழைத்துக்கொண்டது. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் பழைய தென்னாற்காட்டுப் பகுதியிலும் திரௌபதியம்மன் விழாக்களில் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: முக்கிய வேடம் சட்டென்று அவைக்குள் வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்குவார். கட்டியங்காரன் அவரிடம் கேள்வி கேட்பான், யாரென்று அவைக்குச் சொல்வான். குரல் முதலில் பழகும், கால் பழகும், கடைசியில் திரை விலகி முகம் வரும். பகலெல்லாம் வயலில் வேலை செய்துவிட்டு வந்து விடிய விடிய ஆடும் பெரிய மனிதர்கள் இவர்கள். அவர்களை அவையிடமிருந்து மறைப்பதற்காகத் திரை பிடிக்கப்படுவதில்லை. அவையோடு படிப்படியாகச் சேர்க்கவே பிடிக்கப்படுகிறது. ‘சனத்தைப் பார்க்காதே’ என்ற அறிவுரைக்கு இந்த முறையில் இடமே இல்லை.

வயது ஏன் இங்கே முக்கியமாகிறது? மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறியவள். நம் காலத்துக்கு வந்தால், பாலசரஸ்வதி 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு ஏழு வயது. குழந்தை தன்னைப் பற்றிய ஒரு கணக்கை இன்னும் முடிக்கவில்லை, அதனால் அந்தக் கணக்கு தவறிவிடும் என்ற கவலையும் குறைவு. பெரியவர் அப்படியில்லை. ருக்மிணி தேவி இதற்குத் தெளிவான உதாரணம். திருமணமாகி, பிரம்மஞான சபையில் பொது வாழ்வில் இருந்த பெண். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்த பிறகு, பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். உன் நாட்டுக் கலையைத் தேடு என்ற பாவ்லோவாவின் தூண்டுதலால், பரதத்தின் பழைய வடிவமான சதிரின் பக்கம் திரும்பி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் மாநாட்டில் முதன்முறையாக ஆடினார். அப்போது அவருக்கு 31 வயது. அந்த ஆட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது. நாட்டியம் என்ற பேரே குடும்பப் பெண்களுக்கு ஆகாதது என்று பேசிய காலம். (இதே வரலாற்றில் சதிரைக் காலகாலமாகக் காத்த பெண்கள் தங்கள் மேடையை இழந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.) பெரியவராக ஆட வருகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பணயம் வைத்தே ஆடுகிறார். குழந்தையின் துணிவு வயதோடு வருவது. பெரியவரின் துணிவு தெரிந்து எடுக்கும் முடிவு. சமயமொழியில் சொன்னால், கொடுப்பதற்கு ஒன்றை வைத்திருக்கிறவர்தான் அதைக் கொடுக்க முடியும்.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. இத்தனை தத்துவம் எதற்கு, இது உடம்பின் வேலை, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் துடிக்கிறது, மருந்து கொடுத்தால் அடங்கும் என்பது. மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் ஆலோசனையோடு ப்ரோப்ரனலால் போன்ற மருந்தை எடுத்துக்கொள்வது உண்மை. அதில் இழிவேதும் இல்லை. ஆனால் உடம்பின் நடுக்கம் மட்டுமே அச்சம் ஆகிவிடாது. நாட்டிய சாத்திரம் எட்டு சாத்விக பாவங்களைச் சொல்கிறது: உடம்பு உறைதல், வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் மாறுதல், நடுங்குதல், நிறம் வெளிறுதல், கண்ணீர், மயக்கம். மேடைக்குப் பின்னால் நின்று காத்திருக்கும் ஒருவருக்கு நேர்வதை மருத்துவர் குறித்துக்கொண்டால் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். அதே சமயம், காதலிலும் வியப்பிலும் நிகழ்வதும் இதே எட்டுதான். பக்தி நூல்கள் இறைவன் முன் நிற்கும் அடியாருக்கு அடையாளமாகச் சொல்வதும் இவற்றையே. உடம்பு ஒன்றுதான், அதற்கு நாம் வைக்கும் பெயர் வேறுவேறு. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைகள் இதற்குத் துணை நிற்கின்றன. பாடவோ பேசவோ போகுமுன் ‘அமைதியாக இரு’ என்று தங்களைக் கட்டுப்படுத்தியவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பு இரு தரப்பினருக்கும் இருந்தது. தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கைச் சொல்லும்போது அணங்கில் தொடங்கி இறையில் முடிக்கிறார். நம்மைவிடப் பெரியதன் முன் நிற்கும்போது உடம்பு நடுங்கும் என்பது அவருக்கு இயல்பான செய்தி. நாட்டியம் பெரியது, அவையும் பெரியது. அங்கே நடுங்காத உடம்பைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொரு மறுப்பு திருவள்ளுவர் பக்கமிருந்து வரக்கூடும். அவையஞ்சாமை என்று தனி அதிகாரமே வைத்தவர் அவர். அதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், அமைச்சியலில் வைத்தார். அவைக்கு அஞ்சாமை ஒரு தொழில் திறமை, அதில் ஆன்மிகத்தைக் கலக்காதே என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஒரு பகுதிவரை இதை நான் ஏற்கிறேன். போதாத பயிற்சியால் வரும் அச்சம் நேர்மையான தூதன். அதைப் பிரார்த்தனையால் அடக்குவது தவறு. உளவியலாளர் ராபர்ட் சயோன்க் 1965இல் எடுத்துக்காட்டியதும் இதுவே: பிறர் பார்க்கும்போது நன்றாகப் பழகிய வேலை மேலும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது மேலும் கெடும். உருப்படி உடம்பில் ஊறும்வரை அரங்கேற்றத்துக்கு அவசரப்படக் கூடாது என்று நட்டுவனார்கள் பிடிவாதம் பிடித்ததில் ஞானம் இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அங்கே நிற்கவில்லை. அவையஞ்சாமைக்கு முன்னால் அவையறிதலை வைத்தார். யார் முன் நிற்கிறோம் என்று அறிந்த பிறகே அஞ்சாமை. அவையஞ்சாமையிலும், கற்றவர் முன் கற்றதைச் சொல்வதோடு, தம்மைவிட மிகுதியாகக் கற்றவரிடம் மிகுதியானதைப் பெற்றுக்கொள்ளவும் சொல்கிறார். அவை என்பது கொடுத்து வாங்கும் இடம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், மூன்று ஊர்களை ஒரு கல்விக்கூடத்துக்கு எழுதிவைத்த செப்பேடு கிடைத்த மண் பாகூர். அவை என்றால் என்ன என்று அந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு வேதாந்தத்துடையது. அச்சம் பிறப்பதே இரண்டாவது ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தால். இரண்டில்லை என்று கண்டவனுக்கு யாரிடம் பயம் என்ற கருத்து பிருகதாரண்யக உபநிடதத்தில் இருக்கிறது. அப்படியானால் ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒன்றே என்று உணர்வதல்லவா உண்மையான விடுதலை? அந்த உணர்வு எய்தியவருக்கு நான் வணக்கம் மட்டுமே சொல்ல முடியும். ஆனால் அவருக்கு ஆட்டமும் தேவைப்படாது. ஆட்டத்தைத் தத்துவத்தின் மையத்தில் வைத்தது தில்லை. அங்கே இரண்டு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கூத்தன் ஆடுகிறான், பக்கத்தில் சிவகாமி நின்று பார்க்கிறாள். பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் அந்த ஆட்டத்தைக் காண வேண்டும் என்று தவம் கிடந்து கண்டார்கள் என்பது தலபுராணம். யாரும் பார்க்காத இடத்தில் ஆட எல்லாம் வல்லவனுக்கு என்ன தடை? பார்க்கும் உயிர்களுக்காகவே அவன் ஆடுகிறான் என்பது சைவ சித்தாந்தம், ஆட்டமே அருள். ஆடிக்கொண்டே ஒரு கையால் ‘அஞ்சாதே’ என்கிறான். அந்த அபயம் பார்க்கிறவருக்குக் காட்டப்படுகிறது. ஆடுகிறவர் பார்க்கிறவருக்கு அபயம் தருகிறார். இதை ஒரு நாட்டியக்காரி தன் உடம்பில் வாங்கிக்கொண்டால், மேடையில் அவள் நிலையே மாறும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவளாக இல்லாமல், எதிரே இருப்பவர்களைத் தேற்ற வந்தவளாக நிற்பாள். மறுபக்கத்தில், பார்ப்பது எப்படி என்பதற்கு நம் காரைக்காலிலேயே ஒருவர் இருக்கிறார். அழகைக் கண்டு எடைபோடும் உலகத்திடமிருந்து விலக, தன் இளமை உருவையே வேண்டாமென்று பேயுருக் கொண்டவர் காரைக்கால் அம்மையார். இறைவனிடம் அவர் கடைசியாகக் கேட்டது, நீ ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும் என்பது. பார்க்கப்படுவதன் வலியை அறிந்தவர்தான் மிகச் சிறந்த பார்வையாளரானார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது; அதன் முன் நான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். எல்லாப் பார்வையும் நல்ல பார்வையில்லை. ஒரு பெண் மேடையில் அஞ்சுவது பல நேரம் ஆன்மிகச் சிக்கலாக இருப்பதில்லை. தன்னைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்று அவளுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. பனித்திட்டிலிருந்து தெற்கே தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர், அதையொட்டித் திருவந்திபுரம். அந்தக் கோயிலூரின் ஐந்து ஆடற்பெண்கள் மூன்று வாத்தியக்காரர்களோடு 1838இல் புதுச்சேரியில் ஒப்பந்தமாகி, கப்பலேறிப் பிரான்சு போனார்கள். பாரிசில் வாரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே மயங்கி எழுதினார், சிற்பி பார் அவளுக்குச் சிலை வடித்தார். ஆனால் பாரிசு அதற்கு முன்பே, 1830இல், ஓப்பரா மேடையில் மரீ தாலியோனி ஆடிய கற்பனைத் தேவதாசியைப் பார்த்துப் பழகியிருந்தது. நிஜப் பெண்களை அந்தக் கற்பனையோடு வைத்து அளந்தது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் பார்த்தவர்கள். நிறம், நகை, உடலின் வளைவு என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பதத்தின் பொருளை அறிந்து பார்த்தவர் அந்த அரங்கில் இருந்திருக்க முடியாது. சாமிக்கு ஆடப் பழகியவர்கள்தான் அவர்கள். அதனால் பாரிசின் பார்வை மாறிவிடவில்லை. மூன்றாண்டு கழித்து கோத்தியே எழுத்தில் பங்கேற்ற ‘ஜிசெல்’ பாலே அரங்கேறியது. 1877இல் நடன அமைப்பாளர் பெத்திப்பாவின் ‘லா பயதேர்’ பாலே ரஷ்யாவில் வந்தது. கோயில் நாட்டியக்காரி பாலேயின் கனவுப் பாத்திரமாக நிலைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்த உறவில் பார்க்கிறவருக்கும் கடமை உண்டு என்கிறேன். நாட்டிய சாத்திரம் பார்வையாளரின் தகுதிகளைத் தனியாகவே பேசுகிறது: பாத்திரம் மகிழும்போது மகிழ்ந்து, துயரப்படும்போது துயரப்படுகிறவரே பார்வையாளர். எல்லாத் தகுதியும் ஒருவரிடமே இருக்காது என்றும் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிறது. பகைவர் கூச்சலிட்டும் சாணத்தை எறிந்தும் ஆட்டத்தைக் கெடுப்பார்கள் என்பதையும் அது தெரிந்தே வைத்திருக்கிறது. காஷ்மீரத்து அபிநவகுப்தர் சுவைக்குத் தடைகளை எண்ணும்போது, தன் சொந்த சுகதுக்கத்திலேயே மூழ்கிக் கிடப்பதை ஒரு தடையாகச் சொன்னார். அவர் சொல்வது பார்க்கிறவரை. முன்வரிசையில் இருந்துகொண்டு ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ என்று முணுமுணுப்பவர் விரூபாட்சன் வேலையைத்தான் செய்கிறார். அந்தக் குரலையும் தன் மனவலிமையாலேயே வெல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்வது அநியாயம்.

ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. சாமியாடிக்கு வட்டமாக விலகி இடம் விடவும், விழாமல் தாங்கவும், கேட்கவும் அதற்குத் தெரியும். வயல்வேலை செய்கிறவர் துரியோதனனாக வரும்போது திரை பிடிக்கத் தெரியும். நாற்பது வயதுக்காரியின் நாட்டியத்துக்கும் அதையே செய்யலாம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே நாலு தெருப் பெண்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அடுத்த வாரம் பத்துப் பேர், அதற்கடுத்த வாரம் பிள்ளைகளும் ஆண்களும் வரட்டும். அவள் ஆடப்போகும் பதத்தில் நாயகி யாரிடம் கோபித்துக்கொள்கிறாள், பாலே என்றால் அந்தக் காலணியில் நுனிவிரலில் நிற்க எத்தனை வருடம் பிடிக்கும் என்று யாராவது கட்டியங்காரன் இடத்தில் நின்று மைக்கில் முன்கூட்டிச் சொல்லலாம். ஆடி முடித்ததும் எந்த இடம் பிடித்தது என்று கேட்டு, எந்த இடம் புரியவில்லை என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லலாம். விழா நாள் வரும்போது அவளுக்கு நடுக்கம் இருக்கும். அவள் ஆட்டம் எதைச் சொல்கிறது என்று தெரிந்தவர்கள் எதிரே முப்பது பேராவது இருப்பார்கள்.